மூன்றாவது கதிரை

ஆரையம்பதி,
ஆனி மாதம், ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

அமெரிக்காவிலிருந்து நீ எழுதின கடிதம் தை மாதம் வந்தது. இப்போது கண்ணகி அம்மன் சடங்கும் முடிந்துவிட்டது. போனில் பெருவிரலைக் காட்டுவதெல்லாம் பதிலாகாது என்று நீ திட்டினது முழுக்கச் சரி. பேனாவை எடுத்து உட்கார இத்தனை மாதம் ஆனதற்கு மன்னித்துக்கொள்.

வீட்டில் எல்லாரும் சுகம். மூத்தவள் ஏ.எல். சோதனை எழுதப்போகிறாள், நம்மட தொழில் வேண்டவே வேண்டாமாம். உன் உம்மாவைப் போன கிழமை காத்தான்குடிக்குப் போய்ப் பார்த்தேன். பிரசர் நல்லாயிருக்கு, முழங்கால்தான் பாடுபடுத்துது. வட்டிலப்பத்தைக் குறையுங்க என்றேன். "நீயும் அவனப் போலத்தான் கதைக்கிறாய்" என்றா. உன் மகன் "மறுகா என்றால் என்ன?" என்று கேட்டானாம். மறுகா என்றால் பிறகு என்று அவனுக்கு முதலில் சொல்லிக்கொடு, மற்றதெல்லாம் பிறகு. நம்மட கூட்டாளி கப்டன் டொக்டராகியும் இன்னும் அதே மோட்டார் சைக்கிளில்தான் திரிகிறான்.

மறுகா, விசயத்துக்கு வருகிறேன்.

பத்து வருடமாக நீ சொல்லிக்கொண்டிருந்ததைச் செய்துவிட்டேன். மாசி மாதத்திலிருந்து என் டிஸ்பென்சரியில் ஒரு பிள்ளை பயிற்சி பெறுகிறாள். பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் குடும்ப மருத்துவம் படிக்கிறவள். ஊர் மாத்தறை. முதல் நியமனம் அம்பாறையில் கிடைத்ததால் தமிழ் ஓரளவு வரும். என்னைப் பயிற்றுநராக இருக்கச் சொல்லிக் கேட்டபோது யோசிக்காமல் ஓம் என்றுவிட்டேன். இருபது வருடமாக நோயாளி பார்க்கிறவனுக்குச் சொல்லிக்கொடுப்பது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன்.

அறையில் மூன்றாவதாக ஒரு கதிரை போட்டேன், மருந்து அலுமாரிக்குப் பக்கத்தில், நோயாளியின் தோளுக்குப் பின்னால். அவள் என் மேசையில் இருந்து பார்ப்பாள், நான் பின்னால் இருந்து கவனிப்பேன் என்பது திட்டம். முதல் நாளே குலைந்தது. வருகிறவர்கள் எல்லாரும் கதிரையை என் பக்கம் திருப்பிப்போட்டார்கள். "டொக்டர், நீங்க பாருங்க." நானும் பார்த்தேன். அவள் ஒரு கேள்வி கேட்பாள், அடுத்ததை நான் கேட்பேன். அவள் வாயைத் திறக்குமுன் மருந்தின் பெயர் என் வாயில் வந்துவிடும். ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு ஐந்து நிமிடம் விளக்கம் வேறு. அவள் கொப்பி நிறைய எழுதினாள், நான் மனம் நிறைந்து வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் கிழமை முடிவில், போகிற நேரம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "சேர், நான் இன்னும் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் பார்ப்பதைத்தான் பார்க்கிறேன்."

அன்றிரவு நித்திரையில்லை. நீ எப்போதோ அனுப்பின அந்த "ஒரு நிமிட ஆசான்" கட்டுரையைத் தேடி எடுத்தேன். 1992இல் உங்கட அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் எழுதினது. முதலில், உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேள். ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேள். ஒரேயொரு பொது விசயத்தைச் சொல்லிக்கொடு. சரியாகச் செய்ததை இன்னதென்று எடுத்துச் சொல். பிழையைத் திருத்து. ஐந்தே ஐந்து. அப்போது மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வைத்திருந்தேன். இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

திங்கட்கிழமை அவளிடம் கேட்டேன்: "உனக்கு என்ன தோன்றுது?" பதில் இல்லை. நிலத்தைப் பார்த்தாள். மறுநாளும் அப்படித்தான். "சேர் சொல்லுங்க." விடை தெரியாமல் இல்லை மச்சான், சொல்லப் பயம். அந்தப் பயம் எங்கே முளைக்கிறது என்று நமக்குத் தெரியும். அந்த வார்ட் ரவுண்டை நினைத்துப் பார். நீ கட்டில் முனையில் நின்றாய். நோயாளிக்கு முன்னாலேயே உன் கொப்பி பறந்துபோய் ஜன்னலில் அடித்தது. அன்றைக்கு நீ என்ன விடை வைத்திருந்தாய் என்பதை இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னாய். அது சரியான விடை. அப்படிப் படித்த நாம் இன்னொரு பிள்ளையிடம் திடீரென்று "உன் எண்ணத்தைச் சொல்" என்றால் அவள் எப்படி நம்புவாள்? பிழையாகச் சொன்னாலும் ஒன்றும் நடக்காது என்று அவள் நம்ப ஒரு மாதம் பிடித்தது. அந்த ஒரு மாதமும் நான் செய்த வேலை வாயை மூடிக்கொண்டு இருந்தது மட்டும்தான். என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான வேலை செய்ததில்லை.

இன்னொன்றும் செய்தோம். பெக்மனும் பிராங்கலும் 1984இல் செய்த ஆய்வை நீ ஒருமுறை சொன்னாயே, 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து கேட்டதில், நோயாளி பேசத் தொடங்கி சராசரி 18 செக்கனில் வைத்தியர் குறுக்கிட்டார் என்று. 17 சந்திப்புகளில்தான் நோயாளிக்குச் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கக் கிடைத்ததாம். அவளிடம் போனைக் கொடுத்து, ஒரு பின்னேரம் என்னை அளக்கச் சொன்னேன். முதல் ஆளுக்கு பதினொரு செக்கன். இரண்டாவது ஆளுக்கு ஒன்பது. அதோடு அளந்தது போதும் என்றேன்.

இனி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே எதற்கோ, அதைச் சொல்கிறேன்.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து ஒரு அம்மா வருவா. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கமுதல் பாதைப் படகில் ஏறி வந்தவ, இப்போது பஸ்சில் வாறா. சீனி வருத்தம். நான் ஏழு வருடமாகப் பார்க்கிறேன். மாதாமாதம் ஒரே பேச்சு: "கால் உழைவு டொக்டர்." நான் ஓம் என்று தலையாட்டி, சீனியைப் பார்த்து, கூடியிருந்தால் குளிசையைக் கூட்டி, துண்டு எழுதிக் கொடுத்து அனுப்புவேன். இந்த வருடம் மட்டும் கிளிக்கிளசைட் குளிசையை இரண்டு தரம் கூட்டினேன். சீனி இறங்கவில்லை. சொல்வழி கேளாத ஆள் என்று மனதுக்குள் முடிவுகட்டியிருந்தேன்.

சித்திரை மாதம் அவ வந்தபோது பிள்ளை மேசையில், நான் அலுமாரிக்குப் பக்கத்தில். "கால் உழைவு" என்றா. பிள்ளைக்கு உண்மையாகவே அந்தச் சொல் தெரியாது. "அம்மா, உழைவு என்றால் எப்படி? குத்துதா, எரியுதா, விறைக்குதா?" என்று கேட்டாள். அவ யோசித்தா. ஏழு வருடத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் அவவிடம் கேட்கவில்லை. எனக்கு அந்தச் சொல் பிறந்ததிலிருந்து தெரியுமே, பிறகு ஏன் கேட்பேன்?

"ராவையிலதான் மனே. உள்ளங்கால் எரியும். மறுகா விறைச்சு, ஆருடையவோ கால் மாதிரிக் கிடக்கும். நித்திர வராது. எழும்பி முத்தத்தில இருப்பன்."

பிள்ளை பேசவில்லை. என் வாயில் ஐந்து கேள்வி முட்டிக்கொண்டு நின்றன. கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தேன். சுவர் மணிக்கூட்டின் சத்தம் கேட்டது. அந்த அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, ஒருவரும் கேட்காமலேயே சொன்னா:

"குளிசையைப் பாதியா உடைச்சுத்தான் போடுறன். முழுசாப் போட்டா நடுங்கிப் பசிக்குது. பசிச்சா இருக்கிற சோத்த நான் தின்னோணும். புள்ளையளுக்குக் காணாது."

பிள்ளைகள் என்றது பேரப்பிள்ளைகளை. மகள் குவைத்தில் வீட்டு வேலை. மூன்று மாதமாகப் பணமும் இல்லை, போனும் இல்லை. அவ ஒரு நேரம்தான் சாப்பிடுகிறா. அந்த வயிற்றுக்கு நான் சீனியை இறக்குகிற குளிசையை இரண்டு தரம் கூட்டியிருக்கிறேன். நான் சொன்னபடி முழுதாகப் போட்டிருந்தால் ஒரு இரவு அந்த முற்றத்திலேயே மயங்கி விழுந்திருப்பா, பக்கத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகள் மட்டும். சொல்வழி கேளாததால்தான் அவ உயிரோடு இருக்கிறா மச்சான்.

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளே கிளிக்கிளசைடை நிறுத்தி, சீனிக் குளிசை மெற்போமினைச் சாப்பாட்டோடு போடச் சொன்னாள். குனிந்து செருப்பைக் கழற்றி இரண்டு பாதத்தையும் விரல் விரலாகப் பார்த்தாள். அரசாங்க உதவிப்பணமான அஸ்வெசுமப் பட்டியலில் பேர் இருக்கா என்று கேட்டு, கிராம சேவகருக்கு ஒரு கடிதம் எழுதினாள். இரண்டு கிழமையில் வரச் சொன்னாள். அவ எழும்பிப் போகும்போது என் பக்கம் திரும்பவேயில்லை. எனக்கு அது எவ்வளவு சந்தோசம் என்று உனக்குத்தான் விளங்கும்.

கதவு சாத்தியதும் "உனக்கு என்ன தோன்றுது?" என்று கேட்க வாயெடுத்தேன், குரல் வரவில்லை. அவள்தான் கேட்டாள்: "சேர், இதை எந்தச் சோதனையில் கேட்பார்கள்?"

அதற்குத்தான் கெர் வைற் என்ற ஆய்வாளரின் 1961ஆம் ஆண்டுக் கணக்கைச் சொன்னேன். வளர்ந்தவர்கள் 1000 பேரை ஒரு மாதத்துக்கு எடுத்தால், 750 பேருக்கு ஏதோ ஒரு வருத்தம் வருகிறது. 250 பேர் வைத்தியரிடம் போகிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் நிற்கிறார்கள். பல்கலைக்கழக ஆஸ்பத்திரிவரைக்கும் போகிறது ஒரேயொருவர். அமெரிக்க, இங்கிலாந்துக் கணக்குத்தான். ஆனால் நீயும் நானும் ஐந்து வருடம் பேராதனையில் அந்த ஒருவரின் கட்டிலைச் சுற்றி நின்றுதான் மருத்துவம் படித்தோம். அந்த 250 பேரும் என் வாங்கில் இருக்கிறார்கள். இவர்களைப் பார்ப்பதற்கு யாரிடம் படித்தோம்? நான் இந்த ஜனங்களிடம் பிழைவிட்டுப் பிழைவிட்டுப் படித்தேன். அதற்கான விலையைக் கொடுத்தது அவர்கள்.

இப்போது அவளும் நானும் ஒரு கொப்பி எழுதுகிறோம். உழைவு, குத்து, எரிவு, விறைப்பு, அலுப்பு, நெஞ்சடைப்பு, ஓங்காளம், "ஒரு மாதிரிக் கிடக்கு". ஒவ்வொன்றுக்கும் நம்மட ஆட்கள் என்ன கருதுகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதுகிறோம். எதிர்ப் பக்கத்தில் அவள் சிங்களத்தில் கெக்கும, ஹிரி என்று எழுதுகிறாள். விறைப்புக்கும் ஹிரிக்கும் இடையில் ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார் என்று நாம் சின்ன வயதில் படித்தோமே. பாடப்புத்தகங்களைத் தமிழாக்க அந்த மனுசன் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. நோயாளி தமிழில் சொல்ல, நாங்கள் இங்கிலிசில் எழுதுகிறோம். உழைவு என்பதை நான் ஏழு வருடமும் "லெக் பெய்ன்" என்றுதான் எழுதியிருக்கிறேன். அந்த அம்மாவின் அட்டையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

கவலையையும் சொல்லவேண்டும். பின்னேரத்தில் அறுபது பேர் பார்த்த இடத்தில் இப்போது முப்பத்தைந்து. வருமானம் குறைந்தது, வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தெரியும். அடுத்த முறை இரண்டு பேரை அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார்கள். கப்டனிடம் ஒருவரை எடுக்கச் சொன்னேன். "ஒரு ஆளுக்கு மூன்று நிமிசம்தான் இருக்கு, அதில் பாடம் எங்க நடத்துறது" என்கிறான். அவன் சொல்வதில் பிழையில்லை. உங்கட நாட்டில் ஒரு ஆசிரியருக்கு நாலு பயிற்சி வைத்தியர் வரைக்கும், படிப்பிப்பதற்கென்றே ஒதுக்கின நேரம். குடும்ப மருத்துவத்தைத் தனித்துறையாக ஏற்றது 1969இல், அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பே, 1967இல், ஆசிரியர்களுக்கென்று சங்கமே தொடங்கிவிட்டீர்கள். இங்கேயும் பொது வைத்தியர்களின் கல்லூரி 1974இலிருந்து இருக்கிறது, நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாவிக்கு இந்தப் பக்கம் ஒரு சந்தேகம் வந்தால் போய்க் கேட்க எனக்கு யாருமில்லை.

ஆகையால் கேட்கிறேன். ஓகஸ்டில் நீ வருகிறாய் என்று உம்மா சொன்னா. இரண்டு கிழமை பின்னேரங்களை எனக்குத் தா. பாசிக்குடாவுக்குப் பிள்ளைகளை மதினி கூட்டிக்கொண்டு போகட்டும். நோயாளி பார்க்க உன்னைக் கூப்பிடவில்லை. அலுமாரிக்கு இந்தப் பக்கம் நாலாவது கதிரை ஒன்று போடுகிறேன். நான் அவளைக் கவனிக்கிறேன், என்னை ஒருவரும் கவனித்ததில்லை. எங்கே வாயை விடுகிறேன், எங்கே விடவேண்டிய இடத்தில் விடாமல் இருக்கிறேன் என்று பார்த்து எழுது. பிறகு கல்லடிப் பாலத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல். உன் வாயால் கேட்டால் எனக்குக் கோபம் வராது.

அவள் ஓகஸ்ட் கடைசியில் போகிறாள். அதற்கு முன் வா.

சொக்கிலேற் ஒன்றும் வேண்டாம், இங்கே எல்லாம் கிடைக்குது. பாதத்தின் உணர்வு பார்க்கிற 10 கிராம் நைலோன் இழை ஐந்தாறு கொண்டு வா. அந்த அம்மா அடுத்த மாதமும் வருவா. இப்போது இரவில் இரண்டு மணிவரையாவது நித்திரை வருதாம். மகள் போன் எடுத்தாளாம். சம்பளம் இன்னும் இல்லை.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன்,
ஒன்பதாம் நம்பர் அறைக்காரன்