பிராக்கன் கட்சியிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமலே மழைக்காலத்தை ஓட்டிவிட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்தது. இப்போது என் சட்டையில் உள்ள கறைகளையெல்லாம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். வாடகை ஏறிவிட்டது. வேறு குடும்பச் செய்தி இல்லை.

எழுத வைத்த விஷயம் இதுதான்: ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதைகளில் வருகிற பிளாக்வுட், பிராக்கன் என்ற இரண்டு பிரபுக் குடும்பங்களின் தீராப் பகைக்காக நாம் கட்சி பிரிந்து சண்டை போடுகிறோமே, அதில் கணக்கர் கட்சி மாறிவிட்டார். நம் கணக்கரேதான். பிளாக்வுட் குடும்பத்தைப் பற்றி யாராவது குறையாக ஒரு சொல் சொன்னால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "இனி நானும் பிராக்கன் ஆள்தான்" என்றார். இத்தனை வருடமும் உங்கள் இருவருக்கு எதிராக நான் ஒருவன். இப்போது நீ தனி. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்ன காரணத்தைக் கேட்டதும் எரிச்சல்தான் வந்தது.

'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடரின், 2024இல் வந்த இரண்டாம் பாகத்தை இப்போதுதான் பார்த்தாராம். இளவரசன் டேமன் தூண்டிவிட, பிளாக்வுட்கள் பிராக்கன் நிலத்தில் புகுந்து பெண்களையும் குழந்தைகளையும்கூட விட்டுவைக்காமல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து மனம் மாறிவிட்டதாம். பிறகு அந்தப் பகுதிக்கே புதிய தலைவனான பொடியன் ஆஸ்கர் டல்லி நியாயம் கேட்க, வில்லெம் பிளாக்வுட்டின் தலை உருண்டபோது கை தட்டினாராம். கடைசியாக அடி வாங்கியவன் பக்கம் போய் நிற்பது இரக்கம், சரி. அதைக் கட்சி என்று சொல்ல முடியுமா? அடுத்த முறை பிராக்கன்கள் எங்காவது தீ வைத்தால் மனிதர் திரும்பவும் உன் வாசலில் வந்து நிற்பார்.

அதே பாகத்தில் எரியும் ஆலைப் போருக்கு முன் வருகிற சின்னக் காட்சி அவர் கண்ணில் படவே இல்லை. இரண்டு பையன்கள், ஒரு வரப்புத் தகராறு, எல்லைக்கல்லை நகர்த்திவிட்டாய் என்று ஒரு குற்றச்சாட்டு. கத்தி உருவப்படுகிறது. அடுத்து நாம் பார்ப்பது வயல் முழுக்கப் பிணங்கள். கல்லை யார் நகர்த்தியது என்று யாரும் விசாரிக்கவில்லை. எனக்கு வேண்டியது அந்த விசாரணைதான்.

ஏனென்றால், யோசித்துப் பார், இந்தப் பகையின் கதையை நமக்குச் சொன்னது யார்? 2011இல் வந்த ஐந்தாம் புத்தகத்தில் படைத்தலைவன் ஜெய்மிக்குப் பக்கத்தில் குதிரையில் போய்க்கொண்டே சொல்கிறானே, பிணையாகப் போகிற அந்த நெட்டைப் பையன் ஹோஸ்டர் பிளாக்வுட், அவன். புத்தகப் புழு, நல்லவன், எனக்கும் அவனைப் பிடிக்கும். ஆனாலும் அவன் பிளாக்வுட். நாங்கள் அரசர்கள், அவர்கள் குதிரை வளர்த்த குட்டிப் பிரபுக்கள் என்கிறான். பிராக்கன்களும் அதையே திருப்பிப் போட்டுச் சொல்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பேச இத்தனை பக்கம் யார் கொடுத்தார்கள்? அதே புத்தகத்தில் பிராக்கன் குடும்பத் தலைவர் ஜோனோஸ் எப்படி வருகிறார்? முற்றுகைக் கூடாரத்தில் ஒரு பெண்ணோடு படுத்திருக்கும்போது ஜெய்மி உள்ளே நுழைகிறான். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த மரியாதை.

அழகையெல்லாம் மார்ட்டின் உன் ஆட்களுக்கே அள்ளிக் கொடுத்துவிட்டார். பட்டுப்போன வெள்ளை மரம், அந்தி சாய்ந்தால் அதில் வந்து அடையும் நூற்றுக்கணக்கான அண்டங்காக்கைகள், பழைய தெய்வங்கள், வில்லெடுத்த பெண்கள். எங்களுக்கு ஒரு சிவப்புக் குதிரை. மரத்துக்கு விஷம் வைத்தவர்கள் பிராக்கன்கள் என்று சொல்வது யார்? மரத்தின் சொந்தக்காரர்கள். எந்தக் கோர்ட்டில் இது நிற்கும்?

அரசன் நான்காம் ஏகோனின் மகன்களையும் பார். பார்பா பிராக்கன் பெற்றவன் பிட்டர்ஸ்டீல், மெலிஸா பிளாக்வுட் பெற்றவன் பிளட்ரேவன். அரசனின் ஆசைநாயகி மாறியதும், பழையவள் பெயரில் இருந்த அந்த இரட்டைக் குன்றுகளுக்குப் புதியவள் பெயரை வைத்தார்களே, அதைச் சொல்லி நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கதைக் கணக்கில் 196ஆம் ஆண்டு ரெட்கிராஸ் போர்க்களத்தில் ஒரே தகப்பனின் பிள்ளைகள் மோதி, பிட்டர்ஸ்டீல் தம்பியின் கண்ணைப் பறித்தான். கண் போனவனுக்கு அரசனின் வலதுகை பதவி, மந்திரம், மூன்று கண் காகம் என்ற மாயப் பட்டம். பறித்தவனுக்கு நாடுகடந்த வாழ்க்கையும் ஒரு கூலிப்படையும். எங்கள் ஆள் சிடுமூஞ்சி என்பதை நான் மறுக்கவில்லை. அவன் இடத்தில் நீ இருந்து பார்.

ஒரு இடத்தில் மட்டும் என் கட்சி வாய் அடைத்துப்போகிறது. பிளாக்வுட் குடும்பத் தலைவர் டைடோஸ் ஜெய்மியிடம் சரணடையும்போது, சிவப்புத் திருமணம் என்கிற கல்யாண வீட்டுப் படுகொலையில் செத்த மகன் லூக்காஸின் எலும்புகளைக் கேட்கிறார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நூறு சமாதானம் ஆகிவிட்டது, பல கல்யாணத்தில் முடிந்தவை, ஒவ்வொரு பிராக்கன் உடம்பிலும் பிளாக்வுட் ரத்தம் ஓடுகிறது என்று ஹோஸ்டர் சொல்வதும் அந்த அத்தியாயத்தில்தான். கட்சியில் இருக்கிறேன், ஆனால் அந்தப் பக்கங்களை மட்டும் தாண்டிவிடுவேன்.

உன் கடிதத்தில் அண்ணனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் கிணற்று விவகாரம் என்ன ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் உன் தரப்பைச் சொல்வாய். உன் நண்பன் நான், அப்படியே நம்பியும் விடுவேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அவரையும் ஒரு எட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் போவேன்.

கணக்கரை உன்னிடம் திருப்பி அனுப்புவதாக இல்லை. காரணத்தைத் திருத்திக்கொண்டால் உறுப்பினராக வைத்துக்கொள்கிறேன். அவர் உனக்கு போன் செய்யத் தயங்குகிறார். நீயே செய்து நாலு வார்த்தை திட்டிவிடு, நிம்மதியாகிவிடுவார். மார்ட்டின் வருடக்கணக்கில் காக்க வைத்த ஆறாவது புத்தகத்தைப் பற்றி மட்டும் அவரிடம் பேச்செடுக்காதே, மருத்துவர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் புத்தகம், அட்டை கிழிந்த என் பிரதி, உன்னிடம்தான் இருக்கிறது. ஜனவரிக்குள் அனுப்பு.

அன்புடன்,
ரகு