தேக்குக் கட்டிலும் செகண்ட்ஸ் ஃபிரிட்ஜும்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் மெயில் வந்து எட்டு நாள் ஆச்சு, பதில் எழுத இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. முட்டி வலிக்குத் தினமும் காலையில் பயிற்சிக்குப் போகிறேன், அங்கே போய்விட்டு வந்தால் மத்தியானம் வரை தூக்கம்தான், வேறென்ன செய்தி. நீ எழுதியதில் பாதி உன் பொண்ணு பெங்களூரில் வாங்கின பழைய ஃபிரிட்ஜ் பற்றி, மீதி இறந்துபோன உன் அப்பாவின் கட்டிலை என்ன செய்வது என்பது பற்றி. இரண்டும் தனித்தனித் தலைவலி மாதிரி எழுதியிருக்கிறாய். எனக்கென்னவோ இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

முதலில் ஃபிரிட்ஜ். ஊரைக் காலி செய்துகொண்டு போகிற யாரோ ஒருவரிடம் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா மூன்றையும் சேர்த்து இருபத்திரண்டாயிரத்துக்கு முடித்திருக்கிறாள் உன் பொண்ணு. கெட்டிக்காரி. உன்னை மாதிரி இல்லை. பெத்தவளான தங்கச்சி போய் அந்த ஃபிரிட்ஜைச் சோடா மாவு போட்டு மூன்று தடவை கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, "ஒத்தப் பொண்ணுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கித்தர வக்கில்லாமலா போய்ட்டோம்" என்று அழுதது, அப்புறம் நான்கு நாளும் சோபாவில் உட்காராமல் தரையிலேயே உட்கார்ந்திருந்தது, இதையெல்லாம் படித்துவிட்டுச் சிரித்தேன். என் வீட்டு அம்மணியிடமும் வாசித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "சோபாவுல யாரு யாரு படுத்தாங்களோ, அண்ணி செஞ்சது சரிதான்" என்று உள்ளே போய்விட்டாள்.

ஆனால் தங்கச்சியிடம் ஒன்றை ஞாபகப்படுத்து. அதே பொண்ணு பிறந்தபோது என் வீட்டுக்கு ஆள் அனுப்பி, என் மூத்தவள் போட்டுக் கழித்த சட்டை இருந்தால் கொடுத்தனுப்பச் சொன்னது யாராம்? பச்சைப் பிள்ளைக்குப் புதுத்துணி உறுத்தும், முதலில் ஓடியாடுகிற பிள்ளையின் பழைய சட்டைதான் போடணும் என்று உன் மாமியார்தானே சொன்னார். என் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தானே அத்தனை துணியும். நம் வீடுகளில் ஒரு மனுஷ உடம்பில் படுகிற முதல் துணியே யாரோ கட்டிக் கழித்ததுதான். அதையே காசு கொடுத்து, முகம் தெரியாதவரிடம் வாங்கியிருந்தால் தங்கச்சி தொட்டிருக்குமா? அத்தை வீட்டுப் பீரோ உன் வீட்டில் முப்பது வருஷமாக நிற்கிறது, அதை யாரும் செகண்ட்ஸ் என்று சொல்வதில்லை, 'அத்தை கொடுத்தது'. நடுவில் ரூபாய் நோட்டு வந்ததும்தான் பொருளுக்குத் தீட்டு வந்துவிடுகிறது போல.

தங்கத்தைக் கேட்டால் அதுவும் இல்லை. நகைக்கடையில் பழசைப் போட்டுப் புதுசு எடுக்கிறோம், போட்டது உருகி அடுத்தவர் கழுத்துக்குப் போகிறது, நமக்கு வந்தது எந்தக் கழுத்திலிருந்து வந்ததோ, யார் கேட்டோம்? ஆனால் அதே நகை அடகில் மூழ்கி ஏலத்துக்கு வந்தால் என் அம்மா கிட்டேகூடப் போக மாட்டாள். பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம், அதில் ஒருத்தியின் வயிற்றெரிச்சல் இருக்கும் என்பாள். இதை மூடநம்பிக்கை என்று நான் வாதாடியிருக்கிறேன். இப்போது அவ்வளவு வேகமாக வாதாட மாட்டேன். அந்தப் பொருளை விற்றவர் எப்படிப்பட்ட நிலைமையில் விற்றார் என்ற யோசனை அதில் இருக்கிறது பார், ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு மடக்கிவிட்டேன் என்று மார்தட்டுகிற என் மருமகனிடம் அது இல்லை.

சரி, நாம் மட்டும் என்ன யோக்கியம். சென்னை மூர் மார்க்கெட்டில் பேரம் பேசியதை மறந்துவிட்டாயா? அம்மா அப்பாவைத் தவிர எல்லாம் கிடைக்கும் என்பார்களே, நமக்குக் கிடைத்தது கணக்குப் புத்தகம். முதல் பக்கத்தில் பெயர் எழுதின இடத்தைக் கிழித்திருப்பார்கள். ஆனால் உள்ளே எந்தக் கேள்வி வரும் என்று யாரோ ஒரு புண்ணியவான் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தான், அவன் புண்ணியத்தில்தான் நீ இரண்டாம் வருஷம் தேறினாய். பரீட்சை முடிந்ததும் அதே கடையில் திருப்பிப் போட்டு, வந்த காசில் சென்ட்ரல் எதிரில் பிரியாணி சாப்பிட்டோம். அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு 1898-இல் அடிக்கல் நாட்டி 1900-இல் திறந்தார்கள் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும், நமக்கு அது ஒரு பழைய புத்தகக் கூடை. 1985 மே 30 அன்று அது எரிந்தபோது நீ ஊரில் இருந்தாய். நான் மறுநாள் போய்ப் பார்த்தேன். கூட்டத்தில் நின்றிருந்த ஒரு கிழவர் எரிந்த புத்தகக் குவியலைப் பார்த்தபடி எதுவும் பேசாமல் பீடி குடித்துக்கொண்டிருந்தார், அவருடைய கடையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. கடை இழந்தவர்களுக்கு அல்லிக்குளத்தில் கொடுத்த கடைகளுக்கு எப்போதாவது போவேன், பழைய வாசனைக்கு.

ஒன்று கவனித்தாயா, அன்றைக்குப் பழைய புத்தகம் வாங்குவதில் நமக்கு வெட்கமே இருந்ததில்லை. பழைய சட்டை என்றால்தான் உயிர் போகும். தீபாவளிக்கு ஒரு முழம் துணியாக இருந்தாலும் கடையில் எடுத்ததாக இருக்கணும், மூலையில் மஞ்சள் தடவணும். அப்பாவின் சட்டையைப் பிடித்துத் தைத்து எனக்குக் கொடுத்தபோது அம்மா அதற்கும் மஞ்சள் தடவித்தான் கொடுத்தாள். நான் ஏமாந்தேனா இல்லையா என்பது இன்றுவரை எனக்கே தெரியாது.

வண்டி கதை உனக்குச் சொல்லவில்லையே. நீயும் பழைய கார் பார்க்கிறதாக எழுதியிருப்பதால் சொல்கிறேன். என் ஸ்கூட்டரைத் தெரிந்தவரின் தெரிந்தவருக்குக் கொடுத்தேன். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். "சார், ஃபார்மில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க, பேர் மாத்துறத நாங்க பாத்துக்கிறோம்" என்றார், நானும் 29, 30 இரண்டு ஃபார்மிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். பதினோரு மாதம் கழித்து ஹெல்மெட் போடாததற்கு எனக்கு அபராதம், செல்போனுக்கே வந்தது. அதில் போட்டோ வேறு, என் வண்டியில் மூன்று பையன்கள் சிரித்துக்கொண்டு போகிறார்கள். அபராதம் போகட்டும், விபத்து ஏதாவது நடந்திருந்தால்? ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றமே 2018-இல் சொல்லியிருக்கிறதாம், வக்கீல் நண்பர் சொன்னதும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அலைந்து திரிந்து, வண்டி வாங்கினவர் கையைக் காலைப் பிடித்துப் பெயர் மாற்றி முடித்தேன். ஆகவே நீ வாங்கினாலும் சரி, விற்றாலும் சரி, பெயர் மாறின பிறகுதான் நிம்மதியாகத் தூங்கு. "டாக்டர் வச்சிருந்த வண்டி, சிங்கிள் ஓனர், இன்ஜினில் கை வைக்கவே இல்லை" என்பான் விற்கிறவன். நம் ஊரில் இத்தனை டாக்டர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. கிலோமீட்டரை நம்பாதே, கிளட்ச் பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, சர்வீஸ் பில் இருக்கிறதா என்று பார். உன் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போ, அவன் நண்பனின் மெக்கானிக்கை இல்லை.

செல்போன் செகண்ட்ஸில் வாங்குவதானால் *#06# அடித்தால் வருகிற பதினைந்து இலக்க எண்ணை எடுத்து, கே.ஒய்.எம். என்று ஆங்கில எழுத்தில் போட்டு, இடம் விட்டு அந்த எண்ணையும் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பு. தொலைந்துபோனதாகப் புகார் கொடுத்து முடக்கிய போன் என்றால் தெரிந்துவிடும். காசு கொடுப்பதற்கு முன்னால் செய், பின்னால் இல்லை.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குக் காரைக்குடி போனபோது முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு மணி நேரம் சுற்றினேன். பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, மரப்பாச்சி, எனாமல் தூக்கு, எதைக் கேட்டாலும் விலை சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள். ஒரு பித்தளை அண்டாவைத் திருப்பினேன், விளிம்பில் யாரோ ஒரு ஆச்சியின் வீட்டு எழுத்து வெட்டியிருந்தது. கடைசியில் ஒரு எழுத்து தேய்ந்துபோயிருந்தது, ஒருவேளை தேய்த்தே எடுத்தார்களோ. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, நல்ல வசதி என்று பார்த்தாலே தெரிந்தது, "இந்தப் பேரு இருக்கிறதாலதான் இது அழகு" என்று எண்ணாயிரம் கொடுத்து வாங்கிப் போனாள், வரவேற்பறையில் செடி வைக்க. அதே அண்டா நம் தெருவில் பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கத்திக்கொண்டு வருபவரின் தள்ளுவண்டியில் கிடந்தால் அந்த அம்மா ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டாள். எனக்கு அந்த அண்டாவை விற்ற வீட்டின் நினைப்புத்தான். பகலில் விற்றிருக்க மாட்டார்கள். வாசல் கதவைச் சாத்திவிட்டு, பின்பக்கம் வண்டி வரவழைத்திருப்பார்கள்.

உன் கட்டில் விஷயமும் இங்கேதான் வந்து நிற்கிறது. "பையன் ஆன்லைனில் போட்டோ போடலாம் என்கிறான், கும்பகோணத்தில் அப்பன் கட்டிலை விற்றுத் தின்றான் என்று பேசமாட்டார்களா" என்று கேட்டிருந்தாய். பேசுவார்கள். என்னையும் பேசினார்கள். அம்மாவின் தையல் மெஷினை விற்றேனே.

அது நடந்தது இப்படி. அம்மா போன பிறகு ஆறு வருஷம் மெஷின் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. உறவில் யாருக்காவது கொடுப்போம் என்று அக்கா சொன்னாள், அத்தனை பேரும் "அய்யோ, அத்தை ஞாபகமா வச்சுக்கிறோம்" என்றார்களே தவிர, எடுத்துப்போக ஒருத்தரும் வரவில்லை. பின்தெருவில் ஜாக்கெட் தைக்கிற ஒரு பெண், ரெண்டாவது மெஷின் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். வந்தாள், பெல்ட்டை மாட்டி மிதித்துப் பார்த்தாள், பாபின் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள், எண்ணெய் விட்டால் ஓடும் என்றாள். நான் பெரிய மனுஷனாக, "சும்மாவே எடுத்துட்டுப் போம்மா" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "சும்மா வேண்டாம் சார். தொழில் பண்ற மெஷின். விலை சொல்லுங்க" என்றாள். நான் மூவாயிரம் என்றேன், அவள் இரண்டாயிரம் என்றாள், இரண்டாயிரத்து ஐநூறில் முடிந்தது. பேரம் பேசும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசியது, அவளுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்து மெஷின் தலையில் வைத்துவிட்டுத்தான் தூக்கினாள்.

அக்கா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அந்தப் பணத்தை என்ன செய்வது என்று தெரியாமல் டிராயரில் போட்டுவைத்திருந்து, கடைசியில் கேஸ் சிலிண்டருக்குக் கொடுத்தேன். ஆனால் பின்தெரு வழியாகப் போனால் அந்தச் சத்தம் கேட்கிறது, அம்மா தைக்கும்போது கேட்கிற அதே கடகட. அக்காவையும் ஒருநாள் அந்த வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன், எதுவும் சொல்லவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை.

தங்கச்சி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, இறந்தவரின் பாய் தலையணையை எரித்துவிடுகிறோம், கட்டிலை மட்டும் எப்படி வைத்துக்கொள்வது என்கிறது. அதனோடு மல்லுக்கட்டாதே. அந்த அறையில் தினமும் பெருக்கப் போவது அது, நீ இல்லை. அதேசமயம் திண்ணையில் மழையில் நனையவிடவும் செய்யாதே, தேக்கானாலும் கால் போய்விடும். இரண்டாம் வருஷப் பொங்கல் லீவுக்கு உன் ஊருக்கு வந்தபோது எனக்குக் காய்ச்சல் வந்து, உன் அப்பா அந்தக் கட்டிலில் என்னைப் படுக்கப் போட்டுவிட்டு அவர் மூன்று நாள் தரையில் படுத்தார், உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் முன்னால் அந்தக் கட்டிலை செகண்ட்ஸில் பயன்படுத்தினவன் நான்தான்.

அதனால் பையனை போட்டோ போட வேண்டாம் என்று சொல். அங்கே தச்சரைக் கூப்பிட்டு ஒரு விலை போடச் சொல், நட்புக்காகக் குறைக்காதே, சும்மாவும் கொடுக்காதே, கொடுத்தால் எடுக்க மாட்டேன். அம்மணியிடம் இன்னும் சொல்லவில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். லாரி வாடகை என்னுடையது. நீளம் அகலத்தை மட்டும் அளந்து எழுது, என் ஃபிளாட் படிக்கட்டில் ஒரு திருப்பம் இருக்கிறது, தலைமாட்டுப் பலகையைக் கழற்ற முடியுமா என்றும் பார்.

இப்படிக்கு,
உன் பழைய ரூம்மேட்