சப்போரோ போனால் செய்ய வேண்டியது

அன்புள்ள கார்த்திக்,

நானும் அப்பாவும் சௌக்கியம். நீ அனுப்பிய ரெக்கார்டு பத்திரமாக வந்து சேர்ந்தது, அட்டையின் மூலைகூட மடங்கவில்லை. ஜப்பானிய ஜாஸ் பியானோ கலைஞர் ரியோ ஃபுகுயியின் ‘சீனரி’ ஆல்பத்தை ஃபோனில் எத்தனையோ தடவை கேட்டிருந்தாலும், கூடத்தில் ஸ்பீக்கரில் கேட்பது வேறு கதை. அப்பாவே டிவி செய்தியை மியூட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்தார் என்றால் பார்த்துக்கொள்.

ஆனால் அன்றைக்கு நீ ஃபோனில் சொன்னதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. “அது காபி ஷாப் மியூசிக்மா, யூடியூப் எல்லார் தலையிலும் கட்டுது” என்றாய். யூடியூப் கட்டியது உண்மைதான், என் தலையிலும் அப்படித்தான் வந்து விழுந்தது. அதற்காக அது காபி ஷாப் சங்கீதம் ஆகிவிடுமா? முதல் பக்கத்தின் கடைசியில் ‘எர்லி சம்மர்’ இருக்கிறதே, அதை ஒரு தடவை வேறு வேலை எதுவும் பார்க்காமல் கேள். ஹிதியோ இச்சிகாவா எழுதியது, பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். நிதானமாக ஆரம்பித்து, போகப் போக ஓட்டம் பிடித்து, இடது கை கீழ்க்கட்டைகளில் இடியாக இறங்கும். அந்த நேரத்தில் எவனாலும் காபி குடிக்க முடியாது. பியானோ, பாஸ் கிடார் மாதிரி கீழ்ச்சுரம் தரும் பெரிய தந்தி வாத்தியமான பாஸ், டிரம்ஸ் என்று மூன்று பேர்; அவர்களில் யாரும் பக்கவாத்தியமும் இல்லை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டே போகுமே, இங்கே கச்சேரி முழுக்க அந்தச் சீண்டல்தான். சதோஷி டென்போவின் பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று கேட்டுப் பார், பாட்டே வேறாகத் தெரியும்.

ஃபுகுயி ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் பிராட்டோரி என்ற சின்ன ஊரில் 1948-இல் பிறந்தவர். முதலில் அக்கார்டியன் வாசித்தார். பியானோவைத் தொட்டதே 22 வயதில், அதுவும் வாத்தியார் இல்லாமல். 1976-இல் இந்த ஆல்பம், அடுத்த வருஷம் ‘மெல்லோ ட்ரீம்’. இரண்டையும் வெளியிட்ட கம்பெனியின் பெயரே ட்ரையோ, அதாவது மூவர் குழு. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டிருந்த அதே ட்ரையோதான், பிற்பாடு கென்வுட் ஆனது. அவர்கள் இசைத்தட்டுத் தொழிலை விட்டதும் இந்த மாதிரி ஆல்பங்கள் பழைய ரெக்கார்டு தேடுகிறவர்கள் கையில் போய் முடங்கிவிட்டன. 2018-இல் ஜெனீவாவில் ‘வி ரிலீஸ் ஜாஸ்’ என்ற சின்ன இசைத்தட்டு லேபிள் மூல ஒலிநாடாவிலிருந்து ‘சீனரி’யைத் திரும்ப அச்சடித்தது. ஃபுகுயி 2016 மார்ச்சிலேயே போய்விட்டார்.

எழுதுகிறவர்கள் எல்லாரும் அவரை “அதிகம் அறியப்படாத கலைஞர்” என்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. யாருக்கு அறியப்படாதவர்? அதே ஹொக்கைடோவின் சப்போரோ நகரில் 1995-இல் மனைவி யசுகோவோடு சேர்ந்து ‘ஸ்லோபோட்’ என்று சொந்தமாக ஒரு ஜாஸ் கிளப் திறந்து, கடைசிவரை அங்கேயே வாசித்தவர். 1999-இல் நியூயார்க் போய் பாஸ் வாசிக்கும் லைல் அட்கின்ஸன், டிரம்ஸ் வாசிக்கும் லெராய் வில்லியம்ஸ் இருவரோடும் ஒரு ஆல்பம் போட்டுவிட்டு, திரும்பவும் சப்போரோவுக்கே வந்தார். வாரத்துக்கு வாரம் வந்து கேட்ட அந்த ஊர்க்காரர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாதா? அவர்களுக்கு யூடியூப் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அப்புறம், இன்னொரு ஜப்பானிய ஜாஸ் பியானோக்காரர், சுயோஷி யமமோட்டோ. இவரும் 1948, இவரும் தானாகக் கற்றுக்கொண்டவர், சாடோ தீவுக்காரர். ஆனால் வாசிப்பு நேர் எதிர். ஃபுகுயி அடுக்கிக்கொண்டே போவார், யமமோட்டோ இடைவெளி விடுவார். ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு, அது கரைகிறவரை நம்மைக் காக்க வைப்பார். நாம் சற்று அசந்த நேரம் பார்த்து மேல்கட்டையில் சுரீரென்று ஒன்று விழும். 1974-இல் வந்த ‘மிட்நைட் ஷுகர்’ கேள். பாஸ் ஐசோ ஃபுகுயி (இது வேறு ஃபுகுயி), டிரம்ஸ் தெட்சுஜிரோ ஒபாரா. ‘த்ரீ பிளைண்ட் மைஸ்’ லேபிள், 1970-இல் தகேஷி ஃபுஜி டோக்கியோவில் தொடங்கியது. வெளிநாட்டுப் பெயர்களை நம்பாமல் உள்ளூர் ஆட்களையே பதிவு செய்தார்கள். ஒலிப்பதிவாளர் யோஷிஹிகோ கன்னாரி பிடித்த சத்தம் ஒரு தினுசு: பியானோ பக்கத்து நாற்காலியில் இருக்கும். ஸ்பீக்கர் பைத்தியங்கள் பாட்டைக் கேட்காமல் பெட்டியைச் சோதிக்கவே இதை வாங்குவார்களாம், பாவம்.

நீ இருக்கிற யோகோஹாமாவில்தான் 1933-இல் ‘சிகுசா’ என்ற ஜாஸ் காபிக்கடையை மமோரு யோஷிதா திறந்தார். ரெக்கார்டு வாங்க வசதி இல்லாதவர்கள் ஒரு காபி விலைக்கு உட்கார்ந்து கேட்டு, காதில் விழுந்ததை எழுதி எடுத்துக் கற்றுக்கொண்டார்கள். போருக்குப் பிறகு பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷி அங்கே போய்க் கேட்டவர்தான். 1953-இல் பெரிய ஜாஸ் பியானோ மேதை ஆஸ்கர் பீட்டர்ஸன் டோக்கியோவில் அந்தப் பெண்ணின் வாசிப்பைக் கேட்டு அசந்துபோனார். அதனால் நீ சொன்ன காபி ஷாப் மியூசிக், அந்த ஊரில் ஒரு பட்டம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் பனித் திருவிழாவுக்கு நண்பர்களோடு சப்போரோ போவதாகச் சொன்னாயே, ஒரு ராத்திரி ஸ்லோபோட்டுக்குப் போய்விட்டு வா. திறந்திருக்கிறதா என்று முன்னாடியே ஜப்பானிய மொழி தெரிந்த யாரையாவது விட்டுக் கேட்கச் சொல். யார் வாசித்தாலும் சரி, முழுதும் உட்கார்ந்து கேள், நடுவில் ஃபோனை எடுக்காதே. ‘மிட்நைட் ஷுகர்’ மறுபதிப்பு கண்ணில் பட்டால் வாங்கு. முதல் பதிப்பு, ஓபித் துண்டோடு இருக்கிறது என்று கடைக்காரன் ஆசை காட்டினால் மயங்காதே. அட்டையைச் சுற்றியிருக்கும் காகிதத்துக்கு அத்தனை காசு எதற்கு?

அப்பாவுக்கு முழங்காலில் ஒட்டும் அந்தப் பட்டி தீர்ந்துவிட்டது. ரெக்கார்டு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதை அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா