ஜனவரிக்கு முன் பழக்கிவிட வேண்டும் என்ற நிபந்தனை

ஆசிரியர் அவர்களுக்கு,

டயப்பரை விட்டு மலசலகூடத்துக்குப் பழக்கிய பிள்ளையையே கொண்டு வர வேண்டும் என்று, முன்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு வாய்மொழியாகச் சொல்லப்படும் நிபந்தனையைப் பற்றியும், அதனால் இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளின் உடம்புக்கு வரும் கேட்டைப் பற்றியும் உங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன். நான் சிறுவர் விடுதிகளில் நெடுங்காலம் தாதியாகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவள். இப்போது திருகோணமலை உப்புவெளியில் மகளின் வீட்டிலிருந்து, மகளும் மருமகனும் வேலைக்குப் போகும் நேரங்களில் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு ஒக்ரோபர் மாதக் கடைசியில், ஜனவரியில் பேத்தியைச் சேர்ப்பதற்காக மகள் முன்பள்ளி ஒன்றுக்குப் போய்க் கேட்டாள். பேத்திக்கு அப்போது 2 வயதும் 5 மாதமும். இடம் இருக்கிறது என்றும், ஆனால் "பம்பஸோட பிள்ளையள எடுக்கிறேல்லை, ஜனவரிக்குள்ள பழக்கிக்கொண்டு வாங்கோ" என்றும் அங்கே சொல்லியிருக்கிறார்கள். (எந்த நிறுவனத்தின் டயப்பராக இருந்தாலும் நம் ஊரில் அதற்குப் பம்பஸ் என்றே பெயர்.) பின்னர் விசாரித்தபோது, உவர்மலையிலும் பாலையூற்றிலும் இருக்கும் எனக்குத் தெரிந்த தாய்மாருக்கும் வெவ்வேறு முன்பள்ளிகளில் இதே பதில் கிடைத்திருப்பதை அறிந்தேன்.

அடுத்த நாளே டயப்பரைக் கழற்றினோம். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் இருத்தினோம். அவள் இருந்த இடத்தில் ஒன்றும் போகாமல், எழுந்து வந்து விறாந்தையில் நனைத்தாள். முதல் இரண்டு நாளும் பொறுமையாக இருந்த மகள், மூன்றாம் நாள் வேலை முடிந்து களைத்து வந்த நேரத்தில் அவளை அதட்டினாள், நானும் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு பிள்ளை மலம் கழிப்பதை நிறுத்திவிட்டாள். கதவுக்குப் பின்னால் போய் நின்று, கால்களைப் பின்னி, குதிக்காலை உயர்த்தி, முகம் சிவக்க நிற்பாள். பார்ப்பவர்களுக்கு அவள் முக்குவது போலத் தெரியும். உண்மையில் அவள் வரும் மலத்தை வெளியே விடாமல் இறுக்கி அடக்கிக்கொண்டிருந்தாள். ஆறாம் நாள் அது கல்லுப் போல, இரத்தக் கீறலோடு வந்தது. அவள் அன்று அழுத அழுகையை நான் இன்னும் மறக்கவில்லை. எத்தனையோ தாய்மாருக்கு நானே விளக்கிச் சொன்ன விடயத்தில் என் வீட்டிலேயே தவறினேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்; விடயம் தெரிந்தவர்களையே ஒரு தவணை இப்படி நெருக்குமானால், முதற்பிள்ளையை வைத்துக்கொண்டு தனியே தவிக்கும் ஒரு தாயை அது என்ன பாடு படுத்தும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடக்கி வைப்பதன் விளைவு ஒரு நாள் வலியோடு முடிவதில்லை. அடக்கப்பட்ட மலம் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் தங்கத் தங்க, அதிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டு மேலும் இறுகுகிறது. இறுகியது வெளியேறும்போது நோகிறது. நொந்த பிள்ளை அடுத்த முறை இன்னும் கூடுதலாக அடக்குகிறது. இது சில வாரங்கள் தொடர்ந்தால் மலக்குடல் விரிந்து, நிறைந்திருக்கிறது என்ற உணர்வே பிள்ளைக்கு மங்கிப் போகும். அப்போது தங்கியிருக்கும் கட்டியைச் சுற்றி இளகிய மலம் தானாகவே கசிந்து உள்ளாடையில் படும். இதைப் பெரியவர்கள் வயிற்றோட்டம் என்று எண்ணி, வயிற்றைக் கட்டுவதற்கு மருந்து கொடுப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பிள்ளை வேண்டுமென்றே அழுக்காக்குகிறது என்று அடிப்பவர்களையும் கண்டிருக்கிறேன். நிறைந்த குடல் சலப்பையை நெரிப்பதால் அடிக்கடி சலம் போவதும், சலத்தில் கிருமித் தொற்று ஏற்படுவதும் உண்டு. வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து வைப்பது, சவர்க்காரத் துண்டு வைப்பது போன்ற வீட்டு வைத்தியங்கள் ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளையை இன்னும் பயப்படுத்துமே தவிர, அடக்கும் பழக்கத்தை மாற்றாது. மலத்தை இளக்கும் பாணி மருந்தை வைத்தியர் சொல்லும் அளவில், சொல்லும் காலம் வரை கொடுப்பதே முறை. என் பேத்திக்கு அது சில மாதங்கள் தேவைப்பட்டது.

எந்த வயதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதியைச் சொல்ல முடியாது. சலத்தையும் மலத்தையும் அடக்கவும் விடவும் வேண்டிய நரம்பும் தசையும் முதிர்வது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் பிரேசல்ட்டன் 1,170 பிள்ளைகளைப் பற்றி 1962ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வற்புறுத்தாமல் பழக்கப்பட்ட பிள்ளைகள் பகல் நேரத்தில் முழுமையாகப் பழகிய சராசரி வயது 28 மாதங்களுக்குச் சற்று மேல் என்று காணப்பட்டது. சராசரி என்பதால், அதற்கு முன்னர் பழகியவர்களும் உண்டு, மிகவும் பிந்திப் பழகியவர்களும் உண்டு. பிந்தியவர்கள் மந்தமான பிள்ளைகள் அல்லர். இரண்டு மணித்தியாலமாவது நனையாமல் இருப்பது, பகல் தூக்கத்தால் எழும்பும்போது டயப்பர் காய்ந்திருப்பது, நனைந்தால் வந்து சொல்வது அல்லது அதை இழுத்துக் கழற்றப் பார்ப்பது, காற்சட்டையைத் தானே கீழே இறக்குவது, "அந்தச் செருப்பை எடுத்து வாங்கோ அம்மா" என்றால் விளங்கி எடுத்து வருவது, "சூச்சூ", "கக்கா" என்று ஏதோ ஒரு சொல் வைத்திருப்பது ஆகிய அடையாளங்களில் பெரும்பாலானவை தெரியும்போது தொடங்கலாம். இரவு நனைப்பது வேறு கணக்கு. ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பேர் இன்னும் படுக்கையை நனைப்பார்கள் என்பதால், மூன்று வயதுப் பிள்ளையின் ஈரப் பாயை வைத்து யாரும் வருந்தத் தேவையில்லை.

இனி எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒரு விடயம். முன்பள்ளித் தவணை ஜனவரியில் தொடங்குவதால், பெற்றோர் இந்தப் பழக்கத்தை நவம்பரிலும் டிசம்பரிலும் அவசர அவசரமாகத் தொடங்குகிறார்கள். திருகோணமலையில் மழை கொட்டும் மாதங்கள் அவைதான். வெளியே வெள்ளம், உள்ளே குளிர்ந்த சீமெந்துத் தரை, கொடியில் மூன்று நாளாகியும் காயாத துணி. நம்மில் பலரது வீடுகளில் மலசலகூடம் வளவின் பின்பக்கத்தில் தனியே இருக்கிறது. மழைக்குள் குடை பிடித்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, மங்கலான வெளிச்சத்தில் பெரியவர்களுக்காகக் கட்டிய குந்து மலசலகூடத்தில் அவளை இருத்துகிறோம். இரண்டு வயதுப் பிள்ளையின் கால்களுக்கு அந்த மிதியடிகளின் இடைவெளி அகலம், நடுவில் இருக்கும் குழி அவளுடைய கண்ணுக்கு ஒரு கிணறு. குளிரில் பிள்ளைகளுக்குச் சலமும் அடிக்கடி போகும். ஆண்டின் பன்னிரண்டு மாதங்களிலும் இதற்குப் பொருத்தமில்லாத இரண்டு மாதங்களைத் தேடித் தெரிவு செய்தது போல அல்லவா இது ஆகிவிடுகிறது?

என் பேத்தியின் விடயத்தில் டயப்பரைத் திரும்பவும் கட்டினோம். அந்த ஆண்டு முன்பள்ளியை மறந்தோம். சித்திரை பிறந்து, வெயில் ஏறி, பிள்ளை வளவில் மேற்சட்டையோடு மட்டும் ஓடித் திரியும் காலம் வந்தபோது மறுபடி தொடங்கினோம். கடையில் பொட்டி என்று விற்கும் சிறிய பிளாஸ்டிக் இருக்கை ஒன்றை வாங்கி, முதல் இரண்டு கிழமையும் அது விளையாட்டுச் சாமான்களோடு கிடக்க விட்டோம். பொம்மையை அதில் இருத்தினாள், பிறகு உடுப்போடு தானும் இருந்தாள். சாப்பிட்டவுடன் குடல் தானாகவே அசையும் என்பதால், காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஐந்து நிமிடம் மட்டும் இருத்தினோம். வந்தால் சந்தோசம், வராவிட்டால் எழுந்து போகலாம். பாதம் இரண்டும் தரையில் நன்றாகப் பதிந்து, முழங்கால் இடுப்புக்குச் சற்று மேலே இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். கொமட்டில் வளையம் வைத்து இருத்துபவர்கள் கால் தொங்காமல் கீழே ஒரு பலகை வைக்க வேண்டும், ஏனென்றால் தொங்கும் காலோடு யாராலும் இலகுவாக மலம் கழிக்க முடியாது. பொத்தான் வைத்த காற்சட்டைகளை ஒதுக்கி, இலாஸ்ரிக் வைத்த தளர்வானவற்றைப் போட்டோம். நனைத்தால், "பரவாயில்லை, துடைச்சு விடுவம்" என்ற ஒரே வார்த்தைதான். மே மாதம் முடிவதற்குள் பகலில் டயப்பர் தேவைப்படவில்லை.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோறு தின்ன மறுக்கும் பிள்ளைக்குப் பால்மாவைக் கரைத்துப் போத்தலில் கொடுத்துச் சமாளிப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு அரை லீற்றருக்கு மேல் பால் தேவையில்லை. மிஞ்சினால் பசி கெட்டு, மரக்கறியும் பழமும் உள்ளே போகாமல் மலம் இறுகும். பப்பாசியும் கீரையும் நம் வளவிலேயே இருக்கின்றன. அவற்றோடு வேண்டிய அளவு தண்ணீர் கொடுக்காமல், இருக்கையில் எவ்வளவு நேரம் இருத்தினாலும் பயனில்லை.

"எங்கட காலத்தில ஒரு வயசிலேயே பழகிப்போடும்" என்று சொல்லும் என் வயதுப் பெண்கள் பொய் சொல்லவில்லை. காலை நீட்டியிருந்து, இரு பாதங்களுக்கும் மேல் குழந்தையை இருத்தி, "ஸ்ஸ்" என்று சத்தம் கொடுத்து நாங்கள் பழக்கினோம். குழந்தையின் முகத்தைப் பார்த்தே நேரம் அறிந்தோம். அது நல்ல முறை. ஆனால் அதற்கு நாள் முழுவதும் குழந்தையோடு இருக்கும் ஓர் ஆள் வேண்டும். வங்கியிலும் பாடசாலையிலும் வேலை செய்யும் தாயிடமோ, தாய் மத்திய கிழக்குக்குப் போய்விட்டதால் மூன்று பேரப்பிள்ளைகளை ஒன்றாகப் பார்க்கும் அம்மம்மாவிடமோ அதை எதிர்பார்க்க முடியாது. அதிலும் தாயைப் பிரிந்த பிள்ளை, தம்பி தங்கை பிறந்த பிள்ளை, வீடு மாறிய பிள்ளை ஆகியோர் பழகிய பின்னும் சிறிது காலம் பின்வாங்குவார்கள். அவர்களுக்குத் தேவை அணைப்பு.

சுகாதாரத் துறையினரிடம் ஒரு வேண்டுகோள். நமது நாட்டுத் தடுப்பூசி அட்டவணையில் 18 மாதத்தில் ஓர் ஊசி உண்டு. அதற்கு அடுத்தது 3 வயதில்தான். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில்தான் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் இந்தப் பழக்கத்துக்குள் வருகிறார்கள். அந்தக் காலத்தில் நிறை பார்க்கவும் விற்றமின் கொடுக்கவும் கிளினிக்குக்கு வரச் சொன்னாலும், ஊசி இல்லை என்பதால் வராமல் விடும் தாய்மார் பலர். ஆகவே 18 மாத ஊசிக்கு வரும் அன்றே, அடையாளங்கள் எவை, அதட்டினால் என்ன நடக்கும், மலத்தை அடக்கும் பிள்ளை எப்படி நிற்கும் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தர்கள் ஐந்து நிமிடம் சொல்லிவிட்டால், பின்னாளில் வைத்தியசாலைக்கு வரும் பிள்ளைகள் பலர் வரத் தேவையிருக்காது. அவர்களின் வேலைப்பளுவை நன்கு அறிந்தே இதைக் கேட்கிறேன்.

முன்பள்ளி ஆசிரியைகள் மீது எனக்குக் கோபம் இல்லை. சொற்பக் கொடுப்பனவுக்காக, இருபது முப்பது பிள்ளைகளை இரண்டு பேராகப் பார்க்கும் அவர்கள், ஒரு பிள்ளையைக் கழுவப் போனால் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை ஓர் உதவியாளரையும், சிறு பிள்ளைகளின் அளவுக்குக் கட்டிய, வாளியில் தண்ணீரும் கைகழுவச் சவர்க்காரமும் உள்ள ஒரு மலசலகூடத்தையும் கொடுப்பதாக இருக்க வேண்டும். இரண்டரை வயதுப் பிள்ளையின் உடம்புக்குத் தவணை குறிப்பது விடையாகாது. கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் நம் நகரத்திலேயே இருக்கிறது. முன்பள்ளிகளை மேற்பார்வை செய்யும் மாகாண அதிகாரிகள் ஒரு சுற்றறிக்கை மூலம், டயப்பர் கட்டுகிறது என்ற ஒரே காரணத்துக்காக மூன்று வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் இடம் மறுக்கக் கூடாது என்று அறிவிக்கலாம். மாற்றுடுப்பும் டயப்பரும் பையில் வைத்து அனுப்புவதும், அழைத்தால் வந்து உதவுவதும் பெற்றோரின் பொறுப்பாக இருக்கட்டும். அப்படி ஒப்புக்கொள்ள நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

வரும் ஜனவரிக்கான அனுமதி நவம்பரில் ஆரம்பித்துவிடும் என்பதால், அதற்கு முன்னரே இக்கடிதத்தைப் பிரசுரித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.