தொண்ணூற்று ஐந்தாவது ஆள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். நீ போன லீவில் விட்டுப்போன எல்லிஸ் பீட்டர்ஸின் 'ஒன் கார்ப்ஸ் டூ மெனி' துப்பறியும் நாவலை ஒருவழியாகப் படித்து முடித்தேன். அட்டையைப் பார்த்துவிட்டு, "தபசுகாலத்தில் படிக்கிற புத்தகமா இது?" என்றார் அப்பா. அப்புறம் நான் அடுப்படியில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவரே கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு, கொலைகாரன் யாரென்று சொல்லட்டுமா என்று என்னை மிரட்டிக்கொண்டே இருந்தார்.

இதற்கு முன் நீ வாங்கித் தந்த கிறிஸ்தவக் காதல் நாவல்கள் எனக்கு அலுத்துவிட்டன, அதைச் சொல்லிவிடுகிறேன். சாமியை மறந்த ஓர் அழகான வாலிபன். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் முழந்தாளிட்டு அழுவான், அடுத்த அத்தியாயத்தில் கல்யாணம். நடுவில் ஒரு கொலை விழுந்தாலும், அது அந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் கொண்டுவந்து நிறுத்துவதற்காக மட்டுமே விழும். இந்தப் புத்தகத்தில் அப்படி இல்லை. காதல் உண்டு, அதுவும் இரண்டு ஜோடி. ஆனால் செத்தவர்களுக்குத்தான் முதல் மரியாதை.

இங்கிலாந்தில், 1138 ஆகஸ்டில் ஸ்டீபன் அரசன் ஷ்ரூஸ்பரி கோட்டையைப் பிடிக்கிறான். மகள் மாட்தான் பட்டத்துக்கு வரவேண்டும் என்று பிரபுக்களிடம் சத்தியம் வாங்கிவிட்டு முதலாம் ஹென்றி கண்ணை மூடியதும், நடுவில் புகுந்து முடியைத் தூக்கிக்கொண்ட சகோதரி மகன் இவன். எதிர்த்து நின்ற கோட்டைக்காரர்கள் 94 பேரையும் தூக்கில் போடச் சொல்கிறான். அவர்களை நல்லபடியாக அடக்கம் செய்ய மடத்திலிருந்து காட்ஃபெல் போகிறார். ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபைத் துறவி, குளித்தலைப் பக்கம் சாந்திவனத்தில் பார்த்தோமே, அதே வழி வந்தவர்கள். ஒவ்வொரு உடலாகக் கழுவி, கண்ணை மூடி, கைகால் நேராக்கிக் கிடத்துகிறார். எண்ணிப் பார்த்தால் 95. திரும்ப எண்ணினாலும் 95. அதில் ஒரு வாலிபனின் கழுத்தில் தூக்குக்கயிற்றின் தடம் இல்லை, மெல்லிய கயிறு இறுகிய ஒற்றைக் கோடு. யாரோ அவனைப் பின்னாலிருந்து நெரித்துக் கொன்று, அரசன் போட்ட பிணக் குவியலுக்குள் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான்.

தொண்ணூற்று நான்கு பேரைக் கொன்றவனிடமே போய், ஒரு உயிருக்கு நியாயம் கேட்கிறார் பார், அங்கே நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குமேல் உடனே ஓடவில்லை. இத்தனைக்கும் அவர் ஒரு பிரசங்கம்கூடப் பண்ணவில்லை. எண்ணிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அந்த எண்ணிக்கையை எழுத்தாளர் அம்மா இட்டுக்கட்டவில்லை. ஸ்டீபன் அங்கே தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களைத் தூக்கிலிட்டது சரித்திரம். எழுதிவைத்தவரும் ஒரு துறவிதான், ஆர்டெரிக் விட்டாலிஸ். 1075-ல் ஷ்ரூஸ்பரி பக்கத்தில் பிறந்தவர். பத்து வயதில் அவருடைய அப்பா அழுதுகொண்டே அவரை நார்மண்டியில் உள்ள மடத்துக்கு அனுப்பிவைத்தார். அதன்பின் இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. எகிப்தில் யோசேப்பு மாதிரி, புரியாத மொழியைக் கேட்டேன் என்று வயதான காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். பர்மிங்காம் போன புதிதில், "இவங்க பேசுற இங்கிலீஷே புரியலம்மா" என்று நீ போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. உனக்காவது போன் இருந்தது.

எல்லிஸ் பீட்டர்ஸ் என்பது புனைபெயராம். எடித் பார்ஜெட்டர் என்ற அந்த அம்மா இளவயதில் மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். காட்ஃபெல்லின் மூலிகைத் தோட்டத்தில் அத்தனை வாசனை வருவதற்கு அதுவும் காரணமாக இருக்கும். முதல் காட்ஃபெல் கதை 1977-ல் வந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. என் வயது. அப்பாவிடம் இதைச் சொன்னேன், பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கும் காட்ஃபெல்லுக்கும் சண்டை. அலின் என்ற பெண், பிணங்களைத் தயார்செய்ய உதவுவதற்காக வருகிறாள். வந்த இடத்தில் தன் அண்ணன் முகத்தையே பார்க்கிறாள். அவன் உயிருக்குப் பயந்து சொந்தக் கட்சியைக் காட்டிக்கொடுத்தவன் என்று பிறகு காட்ஃபெல்லுக்கும், அரசன் பக்கம் சேர்ந்த ஹியூ என்ற வாலிபனுக்கும் தெரிகிறது. அவளிடம் இருவருமே வாய் திறப்பதில்லை. ஹியூ அவளையே கல்யாணமும் செய்துகொள்கிறான்! இரக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அத்தனை உடல்களுக்கு நடுவே நடந்து வந்தவளுக்கு இதைத் தாங்கத் தெம்பிருக்காது என்று முடிவுசெய்ய இவர்கள் யார்?

நீயும் அதைத்தான் செய்தாய். அம்மா வருத்தப்படுவாள், அப்பாவுக்குப் பிரஷர் ஏறும் என்று நீ விரும்புகிற அந்தத் தம்பி விஷயத்தை இத்தனை நாள் மூடிவைத்தாய். போனில் சொன்ன அன்று நான் பேசாமல் இருந்தது அவன் யார், என்ன ஆட்கள் என்பதற்காக இல்லை. சித்தி வீட்டுக்குத் தெரிந்த பிறகு எனக்குத் தெரிந்ததே, அதற்காக. இனிமேல் எதுவானாலும் நேராக என்னிடம் சொல்லு. அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன்.

ஹியூவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதிலேயே பெரியவர்கள் அவனுக்குப் பேசிவைத்த பெண் காடித். அவளை விட்டுவிட்டு ஊரைவிட்டு ஓடிய அப்பனைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் முடியாது. ஆண்பிள்ளை வேஷத்தில் காட்ஃபெல்லின் தோட்டத்தில் ஒளிந்திருக்கிறாள் அவள். பெரியவர்கள் பேசிவைத்த கல்யாணம் நடக்கவே இல்லை, அதில் யாருக்கும் வருத்தமும் இல்லை. பாதிப் புத்தகம் வரை ஹியூவைச் சந்தேகத்தோடுதான் பார்க்கவேண்டியிருக்கிறது. ஆனால் காட்ஃபெல் தன்னை நன்றாக ஏமாற்றிவிட்டார் என்று தெரிந்ததும் அவன் கோபப்படவில்லை, சிரிக்கிறான். அங்கேதான் எனக்கு அவனைப் பிடித்துப்போனது. அந்தத் தம்பி தோற்றால் சிரிப்பானா, உர்ரென்று இருப்பானா? அப்பாவோடு ஒரு ஆட்டம் கேரம் ஆடினால் தெரிந்துவிடும்.

பர்மிங்காமிலிருந்து ஷ்ரூஸ்பரிக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தானாமே, ஒரு சனிக்கிழமை போய்விட்டு வா. மடத்தின் பெரும்பகுதி போய்விட்டாலும் கோவில் நிற்கிறது. உள்ளே அந்த அம்மாவின் நினைவாக ஆசீர்வாதப்பர் படம் போட்ட கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. போட்டோ எடுத்து அனுப்பு. தொடரில் மொத்தம் இருபது நாவல், பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தால் மூன்றாவதிலிருந்து வாங்கி வை.

அந்தத் தம்பியின் நம்பரை அனுப்பு. ஞாயிறு பூசை முடிந்து வந்து பேசுகிறோம். கிறிஸ்துமஸுக்கு அவனும் வருவதானால் முன்னாடியே சொல்லிவிடு, மாடி அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா