சிரட்டையில் ஓட்டை போடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கழித்துப்போடும் பொருள்களை வைத்துத் தோட்டத்தை அழகுபடுத்துவது பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது. வர்ணமடித்த டயர், கயிற்றில் தொங்கும் தேங்காய்ச் சிரட்டை, பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் என்று படங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காசு செலவழிக்காமல் கையால் ஒன்றைச் செய்து பார்க்கச் சொல்லும் எதையும் வரவேற்பவள். ஆனால் அந்தப் பக்கத்தில் தண்ணீர் வடிய ஓட்டை போட வேண்டும் என்ற ஒரு வரி இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை, டெங்கு தடுப்பு வேலைக்கு வரும் அம்மா ஒருவர் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்தார். வேப்பமரத்தில் நான் தொங்கவிட்டிருந்த சிரட்டைகளில் ஒன்றை எடுத்து டார்ச் அடித்து, "டீச்சர், இங்க பாருங்க" என்றார். நான்கு ஸ்பூன் தண்ணீர்தான் இருக்கும். அதில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. சிவப்பும் மஞ்சளுமாக நானே கோலம் வரைந்த சிரட்டை அது. அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். இப்படித் தேங்கிய நல்ல தண்ணீர் போதும். முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம். முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டவைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் அந்த முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் கவிழ்த்தால் மட்டும் போதாது, நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று அந்த அம்மாதான் சொல்லிக் கொடுத்தார்.

அவர் போனபின் சிரட்டைகளை எல்லாம் இறக்கி வைத்துப் பார்த்தேன். தேங்காயை உடைத்தால் ஒரு பாதியில் மூன்று கண் இருக்கும், மறுபாதியில் இருக்காது. மூன்று கண்ணில் ஒன்று மென்மையானது. ஆணியால் குத்தினால் திறந்துகொள்ளும். தண்ணீர் நின்றதெல்லாம் கண்ணில்லாத பாதிகளில். இப்போது கண் உள்ள பாதியில் மட்டும்தான், அந்த ஒரு கண்ணைக் குத்தித் திறந்துவிட்டு, மண் போட்டுச் செடி வைக்கிறேன். மற்றதைக் கவிழ்த்துக் குருவிக்கூட்டின் கூரையாகக் கட்டிவிடுகிறேன். டயர் விஷயம் இன்னும் மோசம். அதை எப்படிப் போட்டாலும் உள்விளிம்பில் தண்ணீர் நிற்கும். அடிப்பக்கம் நாலைந்து இடத்தில் துளை போட்டு விளிம்புவரை மண் நிரப்ப முடியாதவர்கள் டயரையே தொட வேண்டாம் என்பேன். பாட்டிலைப் பாத்திக்கு வரப்பாக வைப்பவர்கள் வாய் கீழே போகும்படி புதைத்தால் போதும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து கைவேலையை விட்டுவிடக் கூடாது. அதனால் நான் செய்யும் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் தண்ணீர் விழும் மூலையில் சேம்பு வளர்ந்து கிடக்கிறது. யானைக்காது மாதிரி ஒரு இலையைப் பறித்துக்கொள்வேன். தரையில் ஈரமணலைச் சிறு மேடாகக் குவித்து, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, நரம்புப்பக்கம் மேலே தெரியும்படி இலையைக் கவிழ்த்துப் போட வேண்டும். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல், கொழுக்கட்டை மாவு பதத்தில் கலவை. அதை இலைமேல் நடுவில் முக்கால் அங்குலமும் ஓரத்தில் அதைவிட மெல்லியதாகவும் அப்பி, ஈரச்சாக்கு போட்டு மூடி இரண்டு நாள் விட வேண்டும். பிறகு திருப்பி இலையை உரித்தால், ஒவ்வொரு நரம்பும், பூச்சி கடித்த ஓட்டையின் விளிம்புகூட, அப்படியே சிமெண்டில் பதிந்திருக்கும். எத்தனையோ முறை செய்தும் அந்த உரிக்கிற நிமிஷத்தில் எனக்கு இன்றைக்கும் மனசு துள்ளும். இலையின் பால் பட்டால் அரிக்கும். சிமெண்ட் அதைவிடப் பொல்லாதது. முதல் தடவை வெறுங்கையால் குழைத்து விரல்நுனித் தோல் உரிந்துபோனது. ரப்பர் கையுறை கட்டாயம். ஒரு வாரம் தண்ணீர் தெளித்து, பிறகு சில நாள் தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்டினால் சிமெண்டின் காரம் போய்விடும். அதன்பிறகு அது பறவைகள் குடிக்கவும் குளிக்கவும் ஆன கிண்ணம். எனக்கு ஒன்றுக்கு 30 ரூபாய்க்கு மேல் ஆனதில்லை. தினமும் காலையில் தேய்த்துத் தண்ணீர் மாற்றுகிறேன். மாற்ற முடியாத நாளில் கவிழ்த்துவிடுகிறேன்.

கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில், தரைக்குப் போடும் ஆத்தங்குடிக் கல்லின் துண்டுகளைப் பதிப்பேன். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து வர்ணச் சிமெண்டை ஊற்றிச் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். அதுவும் சிமெண்டுதான் என்பதால் கலவையோடு நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. வீடு வேலை நடக்கும் இடத்தில் கேட்டால் உடைந்த துண்டை ஒரு சாக்கு சும்மாவே தருகிறார்கள்.

பணியில் இருந்தபோது சண்டிகருக்குப் போய்ப் பாறைத் தோட்டத்தைப் பார்த்திருக்கிறேன். அங்கே சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் 1957 முதல் பல வருஷம் யாருக்கும் தெரியாமல் உடைந்த பீங்கானையும் வளையலையும் சேர்த்துச் சேர்த்து உருவாக்கியது. 1976இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். உடைந்த வளையலால் ஆன பொம்மைகளின் முன்னால் அன்று வெகுநேரம் நின்றேன். உடைந்ததை எறியாமல் எடுத்துவைக்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்ததுதான்.

வர்ணம் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டு வர்ணத்தில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பரணில் கிடக்கும் அதற்கு முந்தைய டப்பாவைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

மழை தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. அதற்குள் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஓட்டை போடும் விஷயத்தைத் தாங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படம் தேவையென்றால் சொல்லுங்கள். கண் உள்ள சிரட்டையையும் கண்ணில்லாத சிரட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானே வரைந்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
காரைக்குடி.