கூறைப்புடவையின் நிறம்

தஞ்சாவூர்,
ஆடி மாதம்.

அன்புள்ள ராமநாதனுக்கு,

உன் கடிதமும், அதனுடன் வைத்திருந்த உன் பெற்றோரின் திருமணப் படத்தின் பிரதியும் சென்ற வாரம் வந்து சேர்ந்தன. முழங்கால் அறுவைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கு நலத்துக்குக் குறைவில்லை. மற்ற செய்திகளை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொண்டு, நீ கேட்ட இரண்டு கேள்விகளுக்கு மட்டும் இதில் பதில் எழுதுகிறேன். வண்ணப்படம் எடுக்கும் செல்போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எழுபது வயதில் கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்னால் ஏன் அலைகிறாய் என்பது ஒன்று. அந்தத் திருமணப் படத்தைக் கணினியில் வண்ணமாக்கப் போகிறேனே, அம்மாவின் கூறைப்புடவைக்கு எந்த நிறம் கொடுப்பது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் இரண்டாவதற்கும் வழி தெரிந்தது.

திருச்சியில் படித்தபோது விடுதியில் நான்கு பேர் பணம் போட்டு வாங்கிய ஆக்ஃபா கிளிக் கேமராவை நீ மறந்திருக்க மாட்டாய். அதில் ஊட்டியில் தயாரான ‘இந்து’ பிலிமைப் போட்டு, பன்னிரண்டு படத்தை நால்வரும் தலைக்கு மூன்றாகப் பங்கிட்டுக்கொண்டோம். 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த அந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை இன்று இல்லை. இந்து நகர் என்ற இடப்பெயர் மட்டும் ஊட்டியில் இருக்கிறது. அன்று கறுப்பு வெள்ளை என்பது நம் விருப்பம் அன்று, வண்ணத்துக்குக் கையில் காசில்லாததன் விளைவு. இப்போது நானாக விரும்பி அதற்குத் திரும்பியிருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கே மூடப்பட்ட ஒரு ஸ்டூடியோவிலிருந்து யாஷிகா இரட்டை லென்ஸ் கேமரா ஒன்றும், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் பதிக்கும் துருப்பிடித்த என்லார்ஜர் ஒன்றும், மருந்து ஊற்றும் நான்கு டிரேக்களும் பழைய சாமான் விலைக்குக் கிடைத்தன. இதற்கும் ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். பிலிம் இப்போது வெளிநாட்டிலிருந்து வருவதால் விலையைக் கேட்டால் உன் முழங்கால் மறுபடியும் வலிக்கும்; எனவே அதை விட்டுவிடுகிறேன்.

இந்தப் பொழுதுபோக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் ஓர் அவமானத்தில் தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் வெளுத்துப் போகாமல் மேகம் திரண்டு தெரிய வேண்டுமானால் லென்ஸுக்கு முன் சிவப்பு பில்டர் போட வேண்டும் என்று படித்திருந்தேன். வானத்தின் நீல ஒளியைச் சிவப்புக் கண்ணாடி தடுத்துவிடுவதால் வானம் கறுத்து, வெண்மேகம் எடுப்பாகத் தெரியும். ஆனால் உள்ளே வரும் ஒளியும் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால் எக்ஸ்போஷரை, அதாவது பிலிமில் விழவிடும் ஒளியை, மூன்று படி (எட்டு மடங்கு) கூட்டிக் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கையெல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு, திருவையாற்றுக்கு அப்பால் ஒரு சிற்றூரில், காவியும் சுண்ணாம்பும் மாறி மாறிப் பட்டை அடித்த கோயில் மதிலைப் புரட்டாசி மேகத்தோடு சேர்த்து எடுத்தேன். பட்டைகளுக்காகத்தான் அவ்வளவு தூரம் பேருந்தில் போனேன். பிலிமைக் கழுவிப் பார்த்தால், மேகம் நான் கேட்டபடியே இடிஇடிக்கும் தோரணையில் நிற்கிறது. மதிலில் பட்டையைக் காணோம்! நேற்று வெள்ளையடித்த சுவர் போல ஒரே வெளுப்பு. வானத்தின் நீலத்தைத் தடுத்த அதே கண்ணாடி காவியின் சிவப்பைத் தாராளமாக உள்ளே விட்டதால், காவியும் சுண்ணாம்பும் பிலிமுக்கு ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. இரட்டை லென்ஸ் கேமராவில் நாம் பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக, படம் பதிவது கீழ் லென்ஸ் வழியாக. பில்டர் கீழே இருந்ததால் கடைசி வரை என் கண்ணுக்குப் பட்டைகள் பளிச்சென்று தெரிந்துகொண்டேதான் இருந்தன.

அன்றிலிருந்து ஒரு பொருளைப் பார்த்தால் அதன் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், அது எவ்வளவு கறுக்கும், எவ்வளவு வெளுக்கும் என்று மனத்துக்குள் கணக்குப் போடும் பழக்கம் வந்துவிட்டது. கறுப்பு வெள்ளை என்றால் வண்ணத்தைக் கழித்துவிட்டு மிஞ்சுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ஒவ்வொரு நிறத்துக்கும் எந்தச் சாம்பலைக் கொடுப்பது என்று யாரோ ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். நாம் தீர்மானிக்காவிட்டால் பிலிம் தீர்மானித்துவிடும். கீழவாசலில் பூக்கட்டும் அம்மாள் ஒருவரின் கையையும் கதம்பத்தையும் நெருக்கத்தில் எடுத்தபோது இது இன்னும் நன்றாகப் புரிந்தது. கண்ணுக்கு எத்தனை விதமாக இருந்த கதம்பம் அது! படத்தில் மல்லிகை மட்டும் வெள்ளையாக நின்றது. கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் ஒரே சாம்பலில் கலந்து கூழாகிவிட்டன. மறுநாள் அதே இடத்துக்குக் காலை ஏழு மணிக்குப் போய், வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தேன். கனகாம்பரத்தின் மெல்லிய இதழ் மடிப்பும், மரிக்கொழுந்தின் சிறு இலைகளின் சுணையும், நாரை இழுத்துப் பிடித்த விரலின் காய்ப்பும் தனித்தனியே வந்தன. நிறம் செய்ய முடியாத வேலையை நிழல் செய்துகொடுத்தது.

நம் பெரிய கோயிலை 1858-இல் படம் எடுத்த லின்னேயஸ் டிரைப் என்பவரைப் பற்றி முன்பு எப்போதோ உனக்குச் சொல்லியிருக்கிறேன். மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த ராணுவ அதிகாரி அவர். கோயில் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை இருபத்தொரு படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ பத்தொன்பது அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கியவர். அவர் பயன்படுத்திய காகித நெகட்டிவுக்கு (வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் பதியும் மூலப்படம் அது) நீல ஒளி மட்டுமே உறைக்கும். வானம் முழுவதும் சூடு பட்டது போல வெளுத்துப்போகும். அதனால் நெகட்டிவின் மேல் கையால் சாயம் பூசி மேகத்தை வரைந்து சேர்த்திருக்கிறார். நான் பில்டர் போட்டு வரவழைத்த மேகத்துக்கும் அவர் தூரிகையால் வரவழைத்த மேகத்துக்கும் நேர்மையில் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கழுவும் வேலையை நானே செய்கிறேன் என்பது என் மனைவிக்கு இன்னும் முழு உடன்பாடில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் குளியலறை என் வசம் வந்துவிடுகிறது. முழு இருட்டில் பிலிமை பிளாஸ்டிக் சுருளில் ஏற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் வியர்த்தால் பிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டு நகராது. அவசரப்பட்டுத் தள்ளினால் இரண்டு சுற்று ஒன்றோடொன்று ஒட்டி, அந்த இடத்தில் மருந்து படாமல் படம் பாழாகும். அப்படி ஒரு பேத்தியின் பிறந்தநாள் போயிற்று. அடுத்தது வெப்பம். நான் பயன்படுத்தும் பிலிமுக்கு, படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பர் 20 டிகிரியில் ஏழரை நிமிடம் என்று அட்டவணை சொல்கிறது. நம் குழாய்த் தண்ணீரோ சித்திரையில் 30 டிகிரிக்கு மேல். வெப்பம் ஏறினால் நேரத்தைக் குறைக்கலாம்தான். ஆனால் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத் திட்டாகக் கழுவப்படும் ஆபத்து உண்டு. ஆகவே பெரிய அன்னக்கூடையில் ஐஸ் கட்டியைப் போட்டு, நடுவில் மருந்துப் புட்டியை நிறுத்தி, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வங்கியில் முப்பத்தைந்து ஆண்டு கணக்கு முடித்தவனுக்கு இந்தக் காத்திருப்பு பழகியதுதான்.

பிரிண்ட் போடுவது வேறு ஓர் உலகம். இளமையில் பியானோ கற்ற ஆன்சல் ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். தஞ்சாவூர்க்காரனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. என்லார்ஜரின் ஒளி தாளில் விழும்போது, முகத்தின் மேல் சற்று நேரம் கையால் மறைத்தால் முகம் வெளுப்பாக வரும். மூலையில் கூடுதலாக ஒளி கொடுத்தால் மூலை அடங்கிக் கறுக்கும். பூக்கட்டும் அம்மாளின் கை சரியாக அமைய ஒன்பது தாள் போயிற்று. அவரிடம் ஒரு பிரதி கொடுத்தேன். தன் கையை அடையாளம் காணாமல் மல்லிகையைப் பார்த்து, “அன்றைக்குப் பூ மட்டம்தான்” என்றார்.

ஒன்பதாவது தாள் டிரேயில் மிதக்கும்போதுதான் உன் இரண்டாவது கேள்வி நினைவுக்கு வந்தது. சிவப்பு விளக்கின் கீழ் நாம் தைரியமாகத் தாளைப் பிரித்து வேலை செய்ய முடிவது எதனால்? அந்தத் தாளுக்குச் சிவப்பு தெரியாது என்பதால். உன் பெற்றோரின் திருமணம் 1952 என்று எழுதியிருக்கிறாய். அந்நாளில் சிற்றூர் ஸ்டூடியோக்காரர்கள் பயன்படுத்திய ஆர்த்தோ வகைப் பிலிமுக்கும் இதே குறை. 1873-இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானியர் சாயம் சேர்த்துப் பச்சையையும் மஞ்சளையும் உணரச் செய்த வழியில் வந்தது அது. சிவப்பு மட்டும் அதற்கு இருட்டு; ஆகவே சிவப்புப் புடவை படத்தில் கறுப்பாகவே விழும் என்று ஊகித்தேன். எல்லா நிறத்தையும் உணரும் பிலிம் பிறகு வந்துவிட்டது என்றாலும், சிவப்பு விளக்கில் பார்த்துப் பார்த்துக் கழுவலாம் என்ற வசதிக்காகவே பலர் பழையதை விடவில்லை.

ஊகத்தோடு நிறுத்தாமல் சோதித்தும் பார்த்தேன். பிரிண்ட் போடும் தாளையே சதுரமாக வெட்டி, பிலிமுக்குப் பதிலாகக் கேமராவில் வைத்து, எங்கள் திருமணத்தின் அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையைத் தாழ்வாரத்துக் கொடியில் தொங்கவிட்டு, பக்கத்தில் என் மனைவியின் மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையையும் என் வேட்டியையும் மாட்டி, இரண்டு நொடி திறந்து எடுத்தேன். அந்தத் தாள் நெகட்டிவை இன்னொரு தாளோடு முகத்துக்கு முகம் வைத்து ஒளி காட்டிப் போட்ட பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். அரக்குச் சிவப்பு அட்டக்கரியாக இருக்கிறது பார். கண்ணுக்கு அதைவிட அழுத்தமாகத் தெரிந்த மயில்கழுத்து நடுச் சாம்பலாக வெளுத்துவிட்டது. உன் அம்மாவின் நெற்றிப்பொட்டும் மை வைத்தது போலக் கறுத்திருப்பதைக் கவனி. பொட்டும் புடவையும் ஒரே கறுப்பு என்பதால், புடவை குங்குமத்துக்கு நெருங்கிய அரக்குதான் என்று தொண்ணூறு பங்கு சொல்வேன். ஆனால் அருகில் நிற்பவரின் வெளிர் புடவையைப் பற்றி என்னால் ஒன்றும் சொல்ல முடியாது; அது சந்தனமாகவும் இருக்கலாம், ஆகாய நீலமாகவும் இருக்கலாம். கணினியாலும் சொல்ல முடியாது. அது ஆயிரம் திருமணப் படத்தைப் பார்த்த பழக்கத்தில் ஏதாவது ஒன்றை அழகாகப் பூசிவிடும். நாளைக்கு உன் பேரன் அதையே சாட்சி என்று நம்புவான்.

வண்ணமாக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு காரியம் செய். மணப்பெண்ணின் பின்னால் குத்துவிளக்கை ஒட்டிப் பாவாடை சட்டையில் நிற்கும் சிறுமி உன் சின்ன அத்தைதானே? எண்பதைத் தாண்டியும் நினைவு தெளிவாக இருக்கிறார் என்று சென்ற தீபாவளிக்கு எழுதியிருந்தாய். இந்தப் படத்தை அவர் கையில் கொடுத்து, ஒவ்வொருவர் புடவையின் நிறத்தையும் கேட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வை. அப்படியே அவரைக் கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, உன் செல்போனில் நிறத்தை அணைத்துவிட்டு, அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்று எடுத்து அனுப்பு. ஃபிளாஷ் போடாதே.

என்றும் உன்,
வைத்தியநாதன்